ஐந்தேகால் லிட்டர், வெறும் 160 குதிரை

நானே கட்டிக்கொண்டிருக்கும் ஆர்வி-9ஏ என்ற குட்டி விமானத்தின் இறக்கையும் வாலும் முடிந்து காரேஜ் சுவரில் சாய்ந்து நிற்கின்றன, உடல் பாதி ரிவெட் அடித்தாயிற்று, இனி எஞ்சின் எது என்று முடிவாகாமல் ஓரடிகூட நகர முடியாது. மூக்கில் ஏறும் எடை மாறினால் விமானத்தின் சமநிலை மாறும், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் மாறும், பெட்ரோல் குழாய் போகும் வழிகூட மாறும். 118 முதல் 160 குதிரைத்திறன் வரை போடலாம் என்பது இந்த மாடலை வடிவமைத்த வேன்ஸ் நிறுவனத்தின் கணக்கு. என் மனசு விமானத்துக்கென்றே செய்த லைகமிங் ஓ-320 எஞ்சின் பக்கம்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"எத்தனை சிசி கண்ணு?"

"5,200க்கு மேலங்கப்பா."

"அதுல 160 குதிரைதானா? இங்க ஒன்றரை லிட்டர் காரே 120 குடுக்குது. நல்ல கார் எஞ்சின் ஒண்ணத் தூக்கி மாட்டு, மிச்சக் காச பேங்க்ல போடு."

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கார் 120 குதிரையைக் கொடுப்பது நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேலே போனால்தான். 72 அங்குல ப்ரொப்பெல்லரை அதில் நேராக மாட்டினால் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும், சத்தம் காதைப் பிளக்கும், இழுப்பு மட்டும் வராது. லைகமிங் 2,700 சுற்றிலேயே முழுத் திறனையும் கொடுத்துவிடுகிறது, நுனியும் நொடிக்கு 260 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மெதுவாகச் சுற்றி அத்தனை குதிரையை எடுக்க சிலிண்டர் பெரிசாக இருந்தே ஆக வேண்டும். அப்பாவுக்கு உடனே பிடிபட்டது. "அப்ப நடுவுல கியர் போட்டுக் கொறச்சுக்க."

ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் என்ற சின்ன விமான எஞ்சின் அதைத்தான் செய்கிறது. 1,352 சிசி, 5,800 சுற்று, 2.43-க்கு ஒன்று என்று குறைக்கும் கியர்பாக்ஸ். அருமையான எஞ்சின், பங்க் பெட்ரோலிலும் ஓடும். ஆனால் 100 குதிரைதான், எனக்குப் பற்றாது. கார் எஞ்சினுக்கு நானே கியர்பாக்ஸ் அமைப்பது வேறு சமாச்சாரம். ஒவ்வொரு முறை சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கும்போதும் கிராங்க்ஷாஃப்ட் இம்மியளவு முறுக்கிக்கொள்கிறது, மறுமுனையில் ப்ரொப்பெல்லர் கனத்த சக்கரம்போல் அதை எதிர்க்கிறது, இரண்டின் அதிர்வும் ஏதோ ஒரு வேகத்தில் ஒத்துப்போனால் நடுவில் மாட்டிய கியரோ ஷாஃப்டோ போய்விடும். அது எந்த வேகம் என்று ஆகாயத்தில் வைத்துக் கண்டுபிடிக்க எனக்கு ஆசையில்லை. அதோடு நெடுஞ்சாலையில் கார் தன் திறனில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது, விமானமோ மணிக்கணக்கில் முக்கால் திறனில் ஓடுகிறது.

கார் எஞ்சினில் பறக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. பெர்னார்ட் பீட்டன்போல் 1929-லேயே ஃபோர்ட் மாடல் ஏ எஞ்சினை வைத்துப் பறந்தவர். கோர்வேர், ஃபோக்ஸ்வேகன் கார்களின் எஞ்சின்கள் நடுவில் கியரே இல்லாமல் இன்றும் பறக்கின்றன. அவர்களுக்கு எஞ்சினை நோண்டுவதிலேயே பாதி சந்தோஷம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பறக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் இங்கே அமெரிக்காவில், சான்று பெற்ற எஞ்சின்–ப்ரொப்பெல்லர் ஜோடி என்றால் சோதனைப் பறப்பு 25 மணி நேரத்தில் முடியும், இல்லாவிட்டால் பொதுவாக 40.

ஆக லைகமிங்தான். புதிது வாங்க வசதியில்லை, பழையது தேடினேன். ஒன்று கிடைத்தது: 900 மணி நேரமே ஓடியது, முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் 2,000-க்குத்தான், லாக்புக் பளிச்சென்று இருந்தது. கடைசிப் பதிவுக்கு வயது எட்டு என்பதை நான் கவனிக்கவில்லை, கூட வந்த மெக்கானிக் கவனித்தார். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, சும்மா நின்றால் எண்ணெயெல்லாம் கீழே வடிந்து, ஈரம் பட்டுத் துருவேறும். ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டோம். விற்பவர் முகம் போன போக்கு! எப்படியோ சம்மதித்தார். டார்ச் அடித்தால் கேம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிப் புள்ளியாகக் குழி. அதை அப்படியே ஓட்டியிருந்தால் இரும்புத் துகள் எண்ணெயோடு எஞ்சின் முழுக்கச் சுற்றியிருக்கும்.

இப்போது விலை பேசிக்கொண்டிருக்கும் எஞ்சின் 1,400 மணி நேரம் ஓடியது. ஆனால் போன மாதம் வரை வாராவாரம் பறந்திருக்கிறது. சனிக்கிழமை சிலிண்டரைக் கழற்றுகிறோம். கேமை வீடியோ காலில் காட்டச் சொல்லி அப்பா உத்தரவு, அவருக்கு அப்போது ராத்திரி பதினொன்றரை இருக்கும்.