கவுனைக் கழற்றிய பின்: சில பக்கங்கள்

ஜூன் 16, 2024, ஞாயிறு

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பாளையங்கோட்டையில் கூடுகிற எங்கள் கதை வட்டம், இன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியை வீட்டு மொட்டை மாடியில். ஒருவர் கதையை வாசிக்க, மற்றவர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம். எல்லாரும் பேசி முடிக்கும்வரை வாசித்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே விதி. வக்கீலாக, எதிர்த்தரப்பு எழும்போதே பதிலைத் தயார் செய்து பழகிய எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த மாதம் என் முறை. "பாதியில நின்னாலும் பரவால்ல அக்கா, கொண்டாங்க" என்றாள் செவிலியர் தங்கச்சி. சட்டக் கல்லூரி நாட்களுக்குப் பிறகு என்னிடம் யாரும் கதை கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 20

கடைசி வழக்குக் கட்டுகளும் ஜூனியர் கைக்குப் போய்விட்டன. வக்காலத்து மாற்ற ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். இனி காலை நேரம் எழுத்துக்கு.

ஜூன் 25

இரண்டு பக்கம் எழுதினேன். கதையில் தம்பி ஒரு பொய் சொல்கிறான். அடுத்த வரியிலேயே அக்கா அதை மறுத்துவிடுகிறாள். அவன் எதைச் சொன்னாலும் அவளிடம் பதில் தயாராக இருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், 8-ஆம் கட்டளை, 5-ஆம் விதி: வழக்குப் போட்டவர் பிராதில் சொன்ன சங்கதியை எதிராளி தன் எதிருரையில் குறிப்பாக மறுக்கவில்லை என்றால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஒரு வரியை விட்டுவிட்டால் கட்சிக்காரருக்கு நிலமே போகலாம். அதனால் பாரா பாராவாக மறுப்போம். வழக்குக்கு அது வேண்டும். ஆனால் வீடுகளில் மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. அம்மா பதில் சொல்லாமல் பாத்திரம் தேய்த்தால், அவள் ஒப்புக்கொண்டாள் என்றா அர்த்தம்?

ஜூலை 1

1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டம் நேற்றோடு முடிந்தது. இன்று முதல் பாரதிய சாக்‌ஷிய அதினியம். பழைய 126-ஆம் பிரிவு இப்போது 132. கட்சிக்காரர் தொழில்முறையில் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. வழக்கை விட்ட பின்னும் அந்தக் கடமை தொடரும். எண் மாறியதே தவிரக் கடமை அப்படியேதான் இருக்கிறது.

டீச்சரம்மாவிடம் போனில் இதைப் பற்றிப் பேசினேன். "பேரையும் ஊரையும் மாத்திட்டா போதாதா?" என்றார். போதாது. நம்ம பக்கத்தில் கிணற்றையும் அதற்குப் பாத்தியப்பட்ட வரப்பையும் சொன்னாலே எந்தக் குடும்பம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். என் முன்னால் உட்கார்ந்து அழுத பெண்கள் வழக்கை நடத்தத்தான் என்னை நம்பினார்கள். அவர்கள் சொன்ன எதையும் நான் எடுக்கப் போவதில்லை. டீச்சரம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்ப உங்ககிட்ட எதுவுமே சொல்லாத ஒருத்திய எழுதுங்க" என்றார்.

ஜூலை 7

அப்படி ஒருத்தி இருக்கிறாள்.

2006 வாக்கில், வேறொரு பத்திரத்துக்காக சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தபோது பார்த்தேன். எனக்கு அவள் யாரோ. விடுதலைப் பத்திரம், அண்ணன்களுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறாள். முந்தைய வருடம் செப்டம்பர் 9-ல்தான் இந்து வாரிசுரிமைத் திருத்தம் அமலாகியிருந்தது. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது என்றாலும், அந்த மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005 திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அதன் பிறகு அண்ணன் தம்பிகள் அவசர அவசரமாகப் பத்திரம் எழுதியதை எத்தனையோ பார்த்தேன்.

"சம்மதந்தானம்மா?" என்று அதிகாரி கேட்டார். அவள் தலையசைத்தாள். பெரிய அண்ணன் அவள் இடது பெருவிரலைப் பிடித்து மைத்தட்டில் உருட்டி, தாளில் அழுத்தினான். இப்போதுபோல் இயந்திரம் கிடையாது. மையைத் துடைக்க எல்லாரும் சுவரில்தான் தேய்ப்பார்கள். கைக்கெட்டும் உயரம் முழுக்க ஊதாக் கறை. அவள் சுவரில் தேய்க்கவில்லை. தலைமுடிக்குள் விரலைவிட்டு நிதானமாகத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற மகளுக்குக் கல்யாண வயது. தாய்மாமன் சீர் வேண்டுமே, பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டுமே என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் எதையும் சொல்லவில்லை.

சட்டப்படி அது சம்மதம். பத்திரம் செல்லும். அந்த மௌனத்தில் வேறு என்ன இருந்தது என்று விசாரிக்க எந்த மன்றத்திலும் இடமில்லை. அதற்காகத்தான் கதைக்குத் திரும்பியிருக்கிறேன் என்று இன்று உறுதியாகத் தெரிகிறது.

ஜூலை 21, ஞாயிறு

வாசித்தேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வங்கியில் வேலை பார்க்கும் தம்பி, மகள் பேசுகிற கடைசிப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னான். "அவ அம்மாவுக்கு வக்காலத்து வாங்குறா அக்கா." செவிலியர் தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. மகள் பேசட்டும், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசட்டும் என்றாள். ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் பெண்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதை அவள் சொல்லச் சொல்ல, கதை பேச்சாக மாறிவிட்டது. டீச்சரம்மா என் பிரதியில் பென்சிலால் இரண்டே இடத்தில் கோடு போட்டிருந்தார். இரண்டுமே நான் விளக்கம் சொல்லியிருந்த இடங்கள்.

இப்படிக் கவனமாகப் படிக்கும் ஆட்கள் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

ஆகஸ்ட் 11

2020-ல் இதே தேதியில்தான் உச்ச நீதிமன்றம், மகளுக்குப் பங்கு கிடைக்கத் திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அன்று சேம்பரில் எல்லாரும் சத்தமாகப் பேசி மகிழ்ந்தோம். கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர்களுக்கு அதனால் ஒன்றும் திரும்பவில்லை.

கதை முடிந்தது. மகள் பஸ்ஸில் புளியங்காய் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறாள். தங்கச்சி சொன்னதுதான் சரி. நாளை ஒரு பத்திரிகைக்குத் தபாலில் போகிறது. வரும் 18-ஆம் தேதி தங்கச்சியின் கதை. இரவுப் பணி பற்றியது, பதினோரு பக்கம். இன்றே உட்கார்ந்து படித்துக் குறிப்பெழுத வேண்டும்.