கேம்பிங் ஸ்டவ்வோடு லே போய் வந்த அனுபவம்

லடாக்கில் லே பக்கம் உள்ள மார்க்கா பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறோம், சமையலும் நாங்களேதான் என்று முடிவானதும் முதலில் படித்தது விமான நிறுவனத்தின் ஆபத்தான பொருட்கள் பட்டியலைத்தான். கேஸ் கேனிஸ்டர் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பையிலும் கூடாது. சீல் உடைக்காததாக இருந்தாலும் அதே கதைதான். கேஸ் ஸ்டவ்காரர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை: பர்னரை மட்டும் எடுத்துப்போய், கேனிஸ்டரை லே பஜாரில் உள்ள ட்ரெக்கிங் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

என்னுடையது மண்ணெண்ணெயில் எரியும் ஸ்டவ், கூடவே அலுமினிய பாட்டில். ஏற்கெனவே எரிபொருள் ஊற்றிய பாட்டில் என்றால் ஐயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) விதி தெளிவாக இருக்கிறது. முழுக்கக் கவிழ்த்து குறைந்தது 1 மணி நேரம் வடியவிட வேண்டும், பிறகு மூடியில்லாமல் குறைந்தது 6 மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். அப்புறம் மூடியை இறுக்கி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, செக்-இன் பையில் வைக்கலாம். விமான நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, பிரிண்ட் எடுத்து ஸ்டவ்வோடு வைத்தேன். சென்னையில் பையைத் திறக்கச் சொன்னவர்கள் அதைப் படித்ததும் விட்டுவிட்டார்கள்.

உண்மையான வேலை திரும்பும்போதுதான். லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே கிளம்பிவிடும். அதனால் முந்தின நாள் மதியமே தொடங்கினேன். மீதி எண்ணெயைத் தங்கியிருந்த வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு பாட்டிலைக் கவிழ்த்தேன். பெட்ரோல் மாதிரி மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது, விதி சொல்லும் நேரம் முடிந்தும் வாடை அப்படியே இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் ஊற்றிக் குலுக்கி, திரும்பத் திரும்ப அலசி, இரவு முழுக்கத் திறந்தே வைத்தேன். பம்பையும் ரப்பர் குழாயையும் தனியாகக் கழற்றித் துடைத்தேன், வாடை அதிகம் ஒட்டுவது அங்கேதான். சமையல் எண்ணெய் ஊற்றிக் காலி செய்யும் வழியும் விதியில் உண்டு. பிசுக்குப் போகாது என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

லே கவுன்டரில் கடிதத்தை வாங்கிப் பார்த்தவர், பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்துதான் முடிவு செய்தார். வாடை இல்லை, சரி என்று பையை ஏற்றிவிட்டார். இவ்வளவு நேரம் கிடைக்காதவர்கள் பாட்டிலை லேயிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, ஸ்டவ்வை மட்டும் நன்றாகத் துடைத்து எடுத்து வருவது நல்லது.