தென்னந்தோப்புப் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் ப்ராசஸர் தேர்ந்தெடுத்த கதை

எங்கள் தோப்பில் சுருள் வெள்ளை ஈ இருக்கிறது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சி, இன்னும் விட்டபாடில்லை. மஞ்சள் ஒட்டும் அட்டைகளைக் கட்டி வைத்து, அதில் எத்தனை ஈ விழுந்திருக்கிறது என்று கணக்கு எடுக்க வேண்டும், அதைக் கேமரா வைத்த சின்னக் கணினிப் பெட்டி ஒன்று சோலாரிலேயே ஓடிச் செய்தால் நன்றாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். அதற்கு நிரல் எழுத, தோப்பிலேயே உட்கார்ந்து சரிபார்க்க, சார்ஜ் நிற்கிற லேப்டாப் ஒன்றும் தேவைப்பட்டது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் ப்ராசஸர் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டிலும் விளம்பரத்தில் போடுகிற வாட் கணக்கு என் வேலைக்கு உதவவே இல்லை.

லேப்டாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்த தம்பி இன்டெல் ஐ5-1235யூவையும் ரைசன் 5 7520யூவையும் காட்டி, "ரெண்டுமே 15 வாட்டுதானுங்ணா" என்றார். அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1235யூவுக்கு 15 வாட் என்பது அடிப்படை அளவு மட்டும்தான், வேலை கூடும்போது கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை போக இன்டெல்லே அனுமதிக்கிறது, எவ்வளவு தூரம் போக விடுவது என்பது லேப்டாப் செய்தவர் கையில். 7520யூ வேறு மாதிரி. ரைசன் 7000 லேப்டாப் வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் எந்தத் தலைமுறை ஜென் (ஏஎம்டி ப்ராசஸரின் உள் வடிவமைப்பு) என்று சொல்கிறது. 2 என்றால் 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. பக்கத்திலேயே இருந்த 7530யூ ஜென் 3, அதில் ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி), 7520யூவில் நான்குதான். பெயரில் ஓர் எண் வித்தியாசம், உள்ளே இவ்வளவு. 7530யூவை எடுத்தேன்.

இன்டெல் என்100 சிப் போட்ட லேப்டாப் ஏன் வாங்கவில்லை, அது 6 வாட்தானே என்று பலர் கேட்டார்கள். நல்ல சிப்தான், நான்கு கோர், 2023 ஜனவரியில் வந்தது. ஆனால் எடிட்டரில் நிரலைத் தட்டச்சு செய்யும் நேரத்தில் இந்த ப்ராசஸர்கள் எல்லாமே பெரும்பாலும் சும்மாதான் இருக்கின்றன, அப்போது பேட்டரியைத் தின்பது திரையும் வைஃபையும் எஸ்எஸ்டியும். லினக்ஸில் பவர்டாப் என்ற மென்பொருளைப் போட்டு, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் மொத்த லேப்டாப்பும் எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரியும். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்ததில் கிடைத்த மிச்சம் எந்த சிப்பை மாற்றினாலும் எனக்குக் கிடைத்திருக்காது. என்100இல் நினைவகத்துக்கு ஒரே சேனல் (தரவு போகும் வழி) என்பதும் நான் வேண்டாம் என்றதற்கு ஒரு காரணம்.

ப்ராசஸரின் வாட் மட்டும் முழுக் கதையைச் சொல்லாதது ஒன்றும் புதிய விஷயம் இல்லை. 2008இல் நெட்புக் என்ற சின்ன லேப்டாப்புகளில் வந்த இன்டெல் ஆட்டம் என்270 ப்ராசஸருக்கு 2.5 வாட் என்று போட்டார்கள், கூடவே வந்த 945 சிப்செட் (துணைச் சிப்கள்) அந்த ப்ராசஸரைவிட அதிகம் இழுத்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். என்100 மினி பிசி சும்மா இருந்தாலே பிளக்கில் 6, 7 வாட் காட்டுகிறது, ஒரு நாளைக்கு 150 வாட்-அவருக்கு மேல் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-அவர்), தோப்பில் அதற்குப் பேனல் வைக்க முடியாது. ஆர்கே3588 சிப் வைத்த போர்டில் 6 டாப்ஸ் வேகமுள்ள என்பியூ (ஏஐ வேலைக்கான தனிப் பகுதி) இருக்கிறது, ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் நான் தேடிய சமயத்தில் போர்டுக்காரர்கள் தருகிற கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) நம்பி இருக்க வேண்டும் என்ற நிலை. பல வருஷம் யாரும் தொடாமல் ஓட வேண்டிய பெட்டிக்கு அது சரிப்படாது. மிச்சம் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஒற்றைப் போர்டு கணினிகள்.

பை 4 சும்மா இருக்கும்போது சுமார் 3 வாட், நாள் முழுக்க விட்டால் 72 வாட்-அவர். ஜீரோ 2 டபிள்யூ முக்கால் வாட்டுக்குள் அடங்குகிறது, நாளைக்குப் பதினேழு, பதினெட்டு. பை 5 மூன்றிலும் வேகமானது, வேலை செய்யும்போது அதிகம் இழுப்பதும் அதுதான். இந்த இடத்தில் எல்லாரும் ஜீரோவைத்தான் எடுப்பார்கள். நான் பை 5 எடுத்தேன், காரணம் அதன் கோர் வேகம் மட்டும் இல்லை, போர்டிலேயே கடிகாரச் சிப் இருக்கிறது, அலாரம் வைத்துவிட்டு அணைத்தால் நேரத்துக்குத் தானாக எழுந்துகொள்ளும். என் வேலைக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு படம் போதும், அதுவும் பகலில் மட்டும். எழுந்து, படம் எடுத்து, ஈக்களை எண்ணி, 4ஜி டாங்கிள் வழியாக எண்ணிக்கையை அனுப்பிவிட்டுத் தூங்க ஒரு நிமிஷம் என்று வையுங்கள், டாங்கிளோடு சேர்த்து 7 வாட். ஒரு தடவைக்கு 0.12 வாட்-அவர், பகலில் 24 தடவை, மொத்தம் மூன்றுக்குள் முடிந்துவிடுகிறது! ஜீரோவில் 512 எம்பி நினைவகம்தான், படத்தில் ஈக்களை எண்ணும் ஏஐ மாடலே அதில் திணறியது, முடிக்க நேரம் எடுக்கிறது, கடிகாரச் சிப்பும் இல்லாததால் தூங்கவும் முடியாது.

ஆனால் பை 5 வாங்குகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். வாங்கியபடியே பயன்படுத்தி அணைத்தால் அது முழுசாக அணையாது, ஒன்றரை வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு 35 வாட்-அவருக்கு மேல் வீண். பூட்லோடர் (போர்டு எழும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்பில் "பவர் ஆஃப் ஆன் ஹால்ட்" என்பதை 1 ஆகவும் "வேக் ஆன் ஜிபிஐஓ" என்பதை 0 ஆகவும் மாற்றிய பிறகுதான் மீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று வந்தது. இன்னொன்று, 5 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை என்று அதற்குத் தெரியாவிட்டால் யூஎஸ்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும், 4ஜி டாங்கிள் விட்டு விட்டு அறுந்தது அதனால்தான். பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் வோல்ட் கன்வர்ட்டர் உண்மையிலேயே அவ்வளவு தருமானால் கான்ஃபிக் கோப்பில் அந்தத் தடையை எடுத்துவிடலாம்.

(உங்கள் வேலை படம் இல்லாமல் நாள் முழுக்க வீடியோ என்றால் பை 5 வேண்டாம். அதில் வீடியோவைச் சுருக்கும் எச்.264 ஹார்டுவேர் என்கோடர் இல்லை, பை 4இல் இருக்கிறது. கேமரா பல இருந்து கரன்ட்டும் இருந்தால் நான் என்100 பக்கம்தான் போவேன்.)

இவ்வளவும் செய்து மீட்டரைப் பேட்டரிப் பக்கம் மாட்டினால் கணக்கு இரண்டு மடங்காக வந்தது. கம்ப்யூட்டர் தூங்குகிறது, 12 வோல்ட்டை 5 ஆக்குகிற கன்வர்ட்டர் தூங்கவில்லை. சுமை எதுவும் இல்லாமலே 10 மில்லி ஆம்பியர், அதாவது 0.12 வாட், இருபத்து நான்கு மணி நேரமும். அதுவே கிட்டத்தட்ட மூன்று வாட்-அவர், ப்ராசஸர் நாள் முழுக்கச் செய்கிற வேலைக்குச் சமம்! எந்த ஒப்பீட்டிலும் இதை யாரும் போடுவதில்லை, எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். சும்மா இருக்கும்போது ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே இழுக்கிற கன்வர்ட்டர் தேடி வாங்கி மாற்றினேன். இப்போது 12.8 வோல்ட் 6 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று, 20 வாட் பேனல் ஒன்று. வெயிலே இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும் என்று கணக்கு வருகிறது. அடுத்த பெட்டிக்கு 4ஜி டாங்கிளை எடுத்துவிட்டு லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ) போட்டுப் பார்க்கப் போகிறேன், எண்ணிக்கையை மட்டும்தானே அனுப்புகிறோம்.