"ஆம்" என்று மட்டுமே சொன்ன தணிக்கை

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை கார்களுக்கான சர்க்யூட் போர்டுகளைச் செய்கிறது. ஒரு வாடிக்கையாளர் அடுக்குத் தணிக்கை, அதாவது எல்பிஏ, கட்டாயம் என்றார். அமெரிக்க வாகனத் துறை அமைப்பான ஏஐஏஜியின் சிக்யூஐ-8 வழிகாட்டிப்படி. லைன் லீடர் ஷிப்டுக்கு ஒருமுறை, இன்ஜினியர் வாரத்துக்கு ஒருமுறை, மேனேஜர் மாதத்துக்கு ஒருமுறை அதே ஸ்டேஷனில் நின்று அதே கேள்விகளைப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான்.

தாளில் இருந்தவரை வெள்ளிக்கிழமை மாலை ஒரே பேனாவில் வாரம் முழுவதற்கும் டிக் விழும். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

பிறகு மென்பொருள் வந்தது. ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் கேள்வி திறக்கும், நேரமும் தானாகப் பதியும். "இல்லை" என்றால் படம் எடுத்து, யார் எப்போது சரிசெய்வார் என்று போட்டாக வேண்டும். உள்ளே சொந்தக் கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதால் கம்பெனி டேப்லெட். ஐடி பிரிவின் ஒப்புதல் கதையைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும்.

அப்போதும் வந்ததெல்லாம் "ஆம்"தான். காரணத்தை இரவு ஷிப்ட் லைன் லீடர் அக்கா சொன்னார்: "தம்பி, சோல்டர் பேஸ்ட் சரியா இருக்கான்னு கேட்டா, சரின்னுதானே போடுவோம்? டப்பாவுல டைம் எழுதியிருக்கான்னு கேளு, பாத்துப் போடுறேன்."

கேள்வியை மாற்றினோம்: "குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நேரம் என்ன?" சோல்டர் பேஸ்ட் என்பது பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் உலோகக் களிம்பு. குளிர் விடாமல் திறந்தால் அதில் ஈரம் கோத்து, ரீஃப்ளோ அடுப்பில் உருகும்போது மணிமணியாகத் தெறிக்கும். இந்தக் கேள்விக்கு டிக் போட்டுத் தப்ப முடியாது. முதல் இரவே நேரம் எழுதாத டப்பா ஒன்று சிக்கியது. நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டையின் சோதனை, திருகை அளவான விசையில் முடுக்கும் டார்க் டிரைவரின் அளவுத்திருத்தத் தேதி என்று மற்றவற்றையும் அப்படியே திருத்தினோம்.

தவறவிட்ட தணிக்கைகளை மென்பொருள் திரையில் சிவப்பாகக் காட்டும். அதிகம் சிவந்தது மேனேஜர்களின் வரிசை. வாகனத் துறைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 எல்லா ஷிப்டையும் தணிக்கை செய்யச் சொல்கிறது. இரவில் அவர்கள் எவரும் வருவதில்லை. காலைக் கூட்டத்தில் அந்தத் திரையைப் போட்டதும் நிறத்தை மாற்றச் சொன்னவர்களும் உண்டு. ஆலைத் தலைவர் மறுத்துவிட்டார். அப்புறம் ஒரு மேனேஜர் இரவில் வந்தார். இரண்டு லைனுக்கும் ஒரே டார்க் டிரைவர் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தார். நான் மாதக்கணக்காகக் கேட்ட புது டிரைவருக்கு மறுநாளே கையெழுத்து விழுந்தது.

இப்போது மூன்று மாதம் தொடர்ந்து "ஆம்" மட்டுமே வரும் கேள்வியைத் தூக்கிவிட்டு வேறு போடுகிறோம். வாடிக்கையாளர் புகாரிலிருந்து பிறந்த கேள்விகளை மட்டும் தொடுவதில்லை.