கட்டி தொடையில், குடியிருப்பு மூக்கில்

மார்ச்சில் தொடையில் ஒரு கட்டி. அது ஆறுவதற்குள் அக்குளில் ஒன்று, அப்புறம் பெல்ட் உரசும் இடத்தில் இன்னொன்று. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன காரணம், உடம்புச் சூடும் மாம்பழமும். மாம்பழத்தை நிறுத்தினேன், கட்டி நிற்கவில்லை.

பல் வலிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் அட்டையிலிருந்து மூன்று நாள் மாத்திரை போட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். அதன் பிறகே டாக்டரிடம் போனேன். கீறி, சீழை எடுத்து, அதில் என்ன கிருமி என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். நான்காம் நாள் அரை நாள் லீவு போட்டு லேபுக்குப் போனால், "உங்க பேர்ல சாம்பிளே வரலையே சார்" என்றார்கள். நல்லவேளை, ரசீது பர்ஸில் இருந்தது. முக்கால் மணி நேரம் தேடி எடுத்துத் தந்த ரிப்போர்ட்டில் ஒரே வரி: வளர்ச்சி இல்லை. கிருமியே இல்லை என்று சந்தோஷமாகப் போய் நீட்டினேன். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "முன்னாடியே மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" மருந்து உடம்பில் இருக்கும்போது எடுத்த சீழில் கிருமி இருந்தாலும் லேப் தட்டில் வளராமல் போகலாமாம். செலவு தண்டம், லீவும் தண்டம்.

அடுத்த கட்டி வந்தபோது, சொல்லவே கூச்சம், கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மாத்திரையைத் தொடாமல் நேரே போனேன். இந்த முறை சிக்கியது: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். வழக்கமான மருந்துகளுக்கு அடங்கும் வகைதான்.

"மூக்கு நோண்டுவீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில் மனைவி. தலையாட்டுவதற்குள் அவளே பதில் சொல்லிவிட்டாள். மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள், அதே கிருமி. பத்தில் மூன்று பேர் மூக்கில் இது சாதுவாகக் குடியிருக்கிறதாம். விரல் வழியாகத் தொடைக்கு வந்து, உரசலிலோ ஷேவிங் கீறலிலோ உள்ளே இறங்கினால்தான் வம்பு.

வைத்தியம் சுலபம். மூக்கின் இரு துளையிலும் மூபிரோசின் களிம்பு, தினம் இரு வேளை, 5 நாள். குளிக்க குளோர்ஹெக்சிடின் திரவம். துண்டு, தலையணை உறை எல்லாம் வெந்நீரில். நாலு பேரும் ஒரே துண்டில் துடைத்துக்கொண்டிருந்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லவில்லை.

கல்ச்சருக்குப் பணம் கட்டும்போது, எந்த மருந்து கேட்கும் என்கிற சென்சிட்டிவிட்டியும் அதில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

ஐந்து மாதமாகக் கட்டி இல்லை. மாம்பழ சீசன்தான் முடிந்துவிட்டது.