நான்கு மழைக்காலம் நின்ற பத்மினி

2020 மார்ச் மூன்றாவது வாரம், எங்கள் மாதுங்கா கட்டடத்தின் பின்பக்கம், மதில் ஓரமாக அப்பாவின் பிரீமியர் பத்மினி காரை நிறுத்தினேன். நாலைந்து நாளில் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு. ஊரடங்கு வந்தது. மறு வருடம் அப்பா போய்விட்டார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதன்மேல் 4 மழைக்காலம் பெய்து ஓய்ந்தது.

2023 அக்டோபர் கடைசியில், மும்பையின் கடைசி பத்மினி டாக்சிக்கு, டாக்சியாக ஓடலாம் என்ற 20 வருடக் கெடு முடிந்துவிட்டதாகப் பேப்பரில் படத்தோடு போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே கீழே போய் உறையை விலக்கிப் பார்த்தேன். இங்கே பக்கத்தில் குர்லாவில் செய்த வண்டி, அப்பா 1988-இல் வாங்கியது. இதை இரும்புக்கடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

பெட்ரோல் டாங்கைக் கழுவியது, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தது, பிரேக் சிலிண்டர் ரப்பர்களை எல்லாம் மாற்றியது, பதிவைப் புதுப்பிக்க அலைந்தது என்று மூன்று மாதம் ஓடியது. அதையெல்லாம் இங்கே விவரிக்கவில்லை. பின்பக்கத்துச் சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கேதான் கிட்டத்தட்ட ஏமாந்திருப்பேன்.

முதலில் போன கராஜில் ஒரு பையன் வண்டியை அரை கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சொன்னான்: "மேடம், கிரவுன் பினியன் போச்சு. குர்லா சி.எஸ்.டி. ரோட்டுல பழைய ஹவுசிங் முழுசா கிடைக்கும், தூக்கி மாட்டிடலாம்." பின் அச்சின் நடுவில், டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். ஹவுசிங் என்பது அதைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூடு. 28,000 ரூபாய் கேட்டார்கள். 35 வருடமாக எங்களுக்குத் தெரிந்த அச்சைக் கழற்றிவிட்டு, எந்த வண்டியில் எப்படி அடிபட்டது என்றே தெரியாத ஒன்றை மாட்டுவதா? யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

அப்பா வழக்கமாகப் போகும் மெக்கானிக் தாராவியில் 90 அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். இப்போது கண்ணாடி போட்டும் சரியாகத் தெரிவதில்லை, ஆனால் காது அப்படியே இருக்கிறது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நின்ன வண்டில ஒரு சத்தம் மட்டும் இருக்காதும்மா. ரெண்டு மூணு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கும். வெங்காயம் உரிக்க மாதிரி உரிச்சிட்டு வா. கடைசியா எது மிஞ்சுதோ அதைப் பாப்போம்" என்றார். "டிஃபரென்ஷியல் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "இருக்கலாம். அதைக் கடைசியிலதான் தொடணும்."

முதல் தோல் பிரேக். மழைக்காலத்தில் அப்பா ஹாண்ட்பிரேக் போடவே மாட்டார். வண்டியைக் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைப்பார். நான் அன்று ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருந்தேன். பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் ட்ரம்மின் உள்பக்கத்தில் துருவால் ஒட்டிப்போயிருந்தது. மரச் சுத்தியலால் ட்ரம்மைச் சுற்றித் தட்டினோம். 'டக்' என்று விட்டது. பிறகு ட்ரம்மைக் கழற்றி, உள்ளே ஏறியிருந்த துருவைத் தேய்த்து எடுத்தோம். 'கர்ர்' என்ற உரசல் அதோடு போனது.

அடுத்தது டயர். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 'தொம் தொம்' என்று நொடிக்கு மூன்று தட்டு கேட்டது. பத்மினியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.85 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு மூன்று சுற்று. அப்படியானால் தட்டுவது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. எஞ்சின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்கு நடுவில் ஓடும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டாக இருந்தால், அது சக்கரத்தைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுவதால், நொடிக்குப் பன்னிரண்டு தட்டுக்கு மேல் வந்து எண்ணவே முடியாது. நைலான் டயர் ஒரு ராத்திரி நின்றாலே அடி தட்டையாகும், ஓட ஓடச் சரியாகிவிடும். நான்கு வருடத் தட்டை அப்படிச் சரியாவதில்லை. டயரின் பக்கவாட்டில் அது எப்போது செய்தது என்று சொல்லும் நான்கு இலக்கத்தையும் பார்த்தேன் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்): 3114. யோசிக்க ஒன்றுமில்லை, எல்லா டயரையும் மாற்றினேன்.

தட்டு நின்றது. அடியில் அமுங்கிக் கிடந்த மூன்றாவது சத்தம் இப்போதுதான் தனியாகக் கேட்டது. 40 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கும் ஒரு முனகல், 55-இல் மாவு மில் ஓடுகிற மாதிரி உறுமலாக ஆகிவிடும். அந்தப் பையன் கேட்டது இதைத்தான். அவன் காதில் தப்பில்லை, முடிவுக்கு வந்த அவசரம்தான் தப்பு.

ஞாயிறு காலை 6 மணிக்கு என் மகன் ஓட்ட, நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஈஸ்டர்ன் ஃப்ரீவேக்குப் போனோம். நல்ல வழவழப்பான ரோடு. "அம்மா, 50 வந்தாச்சு" என்றான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன். சத்தம் மாறவில்லை. கிளட்சை மிதித்தான், நியூட்ரலில் விட்டான். அப்போதும் மாறவில்லை, வேகம் குறையக் குறையத்தான் குறைந்தது. கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியிலும் விடும்போது வேறு சுருதியிலும் பாடும், ஏனென்றால் பற்களின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு அழுத்தம் மாறுகிறது. இங்கே ஒரே சுருதிதான். ஆனால் ரோடு லேசாக வலது பக்கம் வளைந்த இடத்தில் உறுமல் கூடியது. இடது வளைவில் அடங்கியது. வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் ஏறும்.

ஆணிக் பக்கம் செம்பூருக்குப் போகும் சுரங்கப் பாதை வந்ததும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கினேன். இடது ஓரம் போனபோது சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் காதை நிறைத்தது. வலது லேனுக்கு மாறச் சொன்னேன். அந்தப் பக்கச் சுவர் கிட்டத்தட்ட அமைதியாக இருந்தது.

அண்ணாச்சியிடம் சொன்னதும், "அப்பனை மாதிரியே கேட்டுட்டு வந்திருக்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நாலு வண்டிக்குக்கூட இந்த வேலையைச் செய்வேன்.

இருந்தாலும் அவர் டிஃபரென்ஷியலைப் பார்க்காமல் விடவில்லை. ஆயில் ஊற்றும் மூடியை முதலில் திறந்தார், வடிக்கும் மூடியை அப்புறம்தான். மேல் மூடி துருவில் இறுகிப்போயிருந்தால், உள்ளே இருப்பதை வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டி வரும். வந்த ஆயில் கறுத்திருந்தது, ஆனால் பால் போல வெளுத்திருக்கவில்லை. தண்ணீர் புகவில்லை என்று அர்த்தம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தட்டில் விட்டு அலசினார். விபூதி மாதிரி நைசான சாம்பல் பூச்சு ஒட்டியது, சில்லு ஒன்றுகூட இல்லை. புது 90 ஆயில் ஊற்றி மூடினார். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸிலும் ஆட்டம் இல்லை.

பிறகு முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தார். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை வைக்க யாரையும் அவர் விடுவதில்லை. "வலது கையால சக்கரத்தைச் சுத்து. இடது கையை பட்டை ஸ்பிரிங் மேல வை" என்றார். வலப்பக்கச் சக்கரத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் வந்து சுற்றினேன். ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்தது, கடலை வறுக்கும் மணலைக் கரண்டியால் கிளறுகிற அதே நறநறப்பு.

நறநறத்தது பின் சக்கரத்து பேரிங், அதாவது சக்கரத்தின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையம். பத்மினியில் அது ஆக்ஸில் ஷாஃப்ட்டிலேயே இறுக்கி ஏற்றியிருக்கும். அது நழுவாமல் காலர் என்ற இரும்பு வளையம் பிடித்திருக்கும். ட்ரம்மையே திருப்பி மாட்டிச் சுத்தியல் மாதிரி இழுத்து அடித்து ஷாஃப்ட்டை உருவினார். காலரை உளியால் வெட்டி எடுத்தார். அதை மறுபடி போடக் கூடாது, புதுசுதான் போட வேண்டும். பேரிங் வெளியே வந்ததும் பெட்ரோலில் அலசி என் கையில் கொடுத்தார். விரலால் சுற்றினேன். சீராகச் சுற்றாமல், தட்டித் தட்டி நின்று நகர்ந்தது.

சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துக் காட்டினார். கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருந்தது. வெளி வளையத்தின் பாதையில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிற பழுப்புத் தழும்புகள், ஒவ்வொன்றும் மிளகில் பாதி அளவு, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. குண்டுகள் நான்கு வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்த இடங்கள் அவை. ஓடும்போது ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு தழும்பிலும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் 55-இல் உறுமலாகக் கேட்டது. இடப்பக்கம் மட்டும் ஏன் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில், சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலே, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயின் ஒழுகும் முழங்கை வளைவு.

உதிரிபாகம் கிடைக்குமா என்று பயந்தேன். பயப்படத் தேவையே இல்லை. பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். அந்த உடைந்த வளையத்தை எடுத்துக்கொண்டு நாக்தேவி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் எது எந்த வண்டிக்கு என்று கேட்கவே இல்லை, எண்ணைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். பேரிங், ஆயில் சீல், காலர், கூலி எல்லாம் சேர்ந்து 3,800 ரூபாய்.

போன ஞாயிறு அதே சுரங்கத்தில், அதே இடது ஓரத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு 55-இல் போனோம். டயர் ஓடும் சத்தமும் எஞ்சினும் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பின. மகன் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்க பேரிங்கையும் ஜூனுக்கு முன்னால் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. அதே எண்ணில் இன்னொன்றை வாங்கி வைத்துவிட்டேன்.