லிப்கிரிப்ட் காணாமல் போன நான்கு நாட்கள்

2024 ஜூலை 6, சனி, இரவு 11:40

என் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 10-க்கான நீள்கால ஆதரவு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று தெரிந்தும் கணினியை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை. காலையில் உட்கார்ந்தேன். 10-ஆம் பதிப்பிலிருந்து நேராக 12-க்கு மேம்படுத்தல்.

ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்று வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாகவே இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் குதித்தேன். ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்று நினைத்தது என் தவறு.

பாதி வழியில் நின்றுவிட்டது. பாஸ்வேர்டுகளைச் சரிபார்க்க உதவும் லிப்கிரிப்ட் லைப்ரரியின் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பின்) லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பெர்ல் என்ற நிரல்மொழி சொன்னது. அதற்குப் பிறகு வந்த பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) வரிசையாக அதே செய்தியைக் காட்டி விழுந்தன. பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், அதேதான்.

அடுத்துச் செய்தது அதைவிடப் பெரிய தவறு. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்த டெர்மினலை, அதாவது கட்டளைச் சாளரத்தை, மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தேன். ரூட் உரிமை தரும் சூடோ கட்டளை பாஸ்வேர்டைக் கேட்டது, சரியாகத்தான் கொடுத்தேன். ஏற்கவில்லை. எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினேன், அப்போதும் ஏற்கவில்லை.

பின்னிரவு 1:15

படுத்த பிறகு சட்டென்று உறைத்தது: திரைப்பூட்டு! பத்து நிமிடம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு அதுவும் பாஸ்வேர்டைத்தான் சரிபார்க்கும். எழுந்து ஓடினேன். நல்லவேளை, அதைக் கொஞ்ச நேரம் முன்புதான் தொட்டிருந்தேன். பூட்டு, தூக்கநிலை இரண்டையும் நிறுத்திவிட்டேன். இப்போதைக்கு உள்ளே இருக்கிறேன், வெளியே போனால் திரும்ப வர வழியில்லை.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஹோம் கோப்புறை முழுவதையும் நகலெடுத்தேன். அக்காவின் ஆய்வேடு இந்தக் கணினியில்தான் இருக்கிறது. போனில் சொன்னபோது, "என் ஃபைல் எல்லாம் போச்சாடா?" என்றாள். "இல்லக்கா, ஒண்ணும் ஆகல, இப்பதான் காப்பி எடுத்து முடிச்சேன்" என்று சொன்ன பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

அப்புறம் நிதானமாக விசாரணை. பெர்ல் எந்தெந்த லைப்ரரிகளைத் தேடுகிறது என்று எல்டிடி கட்டளையில் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நேரே ஒரு பாதை இருக்கிறது, லிப்கிரிப்டுக்கு நேரே மட்டும் "கிடைக்கவில்லை". லைப்ரரிக் கோப்புறையிலும் அந்தப் பெயரில் எதுவும் இல்லை.

காரணம் இதுதான். டெபியன் 10-இல் லிப்கிரிப்ட் தனிப் பேக்கேஜ் இல்லை. லிப்சி6 பேக்கேஜுக்குள்ளேயே, ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் 2.28-ஆம் பதிப்பில் ஒரு பகுதியாக வரும். அதற்குப் பிறகு அதைப் பிரித்து, லிப்கிரிப்ட்1 என்று தனியாக வைத்துவிட்டார்கள். நான் குதித்தபோது ஜிலிப்சி 2.36-ஐக் கொண்ட புதிய லிப்சி6 பொதி முதலில் அவிழ்த்து வைக்கப்பட்டது. புதியதில் லிப்கிரிப்ட் இல்லாததால், பழையதோடு வந்த கோப்பை, பேக்கேஜ்களை அவிழ்த்து நிறுவும் டிபிகேஜி முறைப்படி நீக்கிவிட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய லிப்கிரிப்ட்1 இன்னும் வரிசையில் நிற்கிறது. அதை நிறுவும் வேலை பெர்ல் இல்லாமல் நகராது, ஏனென்றால் நிறுவும்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் பெர்லில் எழுதப்பட்டது. பெர்லுக்கோ லிப்கிரிப்ட் வேண்டும். சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டிக் கிடக்கிறது.

சூடோ ஏன் மறுத்தது என்பதும் இப்போது புரிகிறது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும், பாம் என்ற உள்நுழைவு அமைப்பின் தொகுதியும் இதே லிப்கிரிப்டைத்தான் நம்பியிருக்கிறது. லைப்ரரி இல்லாததால் தொகுதி ஏறவில்லை, தொகுதி ஏறாததால் எந்தப் பாஸ்வேர்டும் செல்லாது. நேற்று மூடிய அந்த ரூட் டெர்மினல் மட்டும் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. திறந்த டெர்மினலில் யாரும் மறுபடி பாஸ்வேர்டு கேட்பதில்லை.

மாலை 5:20

ஊகம் சரிதானா என்று சோதித்தேன். ஒரு பேக்கேஜைப் பதிவிறக்க மட்டும் ரூட் தேவையில்லை. லிப்கிரிப்ட்1-ஐ ஆப்ட் வழியாகவே இறக்கினேன். சுமார் 90 கிலோபைட், இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தியது இந்தச் சின்ன ஆணிதான். அதைத் தற்காலிகக் கோப்புறையில் பிரித்து, லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியில் அந்த இடத்தைக் காட்டி பெர்லை அழைத்தேன். ஓடியது! அதே மாறியோடு சூடோவை அழைத்தேன். ஓடவில்லை. இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். வேறொருவர் உரிமையோடு ஓடும் நிரல்களுக்கு, லைப்ரரிகளை ஏற்றும் லோடர் அந்த மாறியைக் கண்டுகொள்ளாது. இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் போலி லைப்ரரியைக் காட்டி ரூட் ஆகிவிடலாம். என்னைத் தடுத்தாலும் அது நியாயமான தடைதான்.

ஜூலை 8, திங்கள்

வேலை நாள். மாலையில் டெபியன் 12 லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே கணினியை இயக்கும் யுஎஸ்பி) தயார் செய்தேன், அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தோடு ரூட் வேலை வேண்டாம்.

ஜூலை 9, செவ்வாய், இரவு

லைவ் யுஎஸ்பியில் கணினியை எழுப்பி, பழைய அமைப்பு இருக்கும் வட்டுப் பகுதியான ரூட் பகிர்வை மவுண்ட் செய்தேன், அதாவது கோப்புகள் தெரியும்படி இணைத்தேன். பேக்கேஜை நேராக அதன் மேலேயே பிரித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கணினியில் வேர்க் கோப்புறையில் உள்ள லிப் உண்மையான கோப்புறை அல்ல, யுஎஸ்ஆர் உள்ளே இருக்கும் லிப்புக்கு ஒரு இணைப்பு. பேக்கேஜில் அதே பெயரில் கோப்புறை இருந்தால் இணைப்பை அழித்துவிட்டு அங்கே கோப்புறையை வைத்துவிடக்கூடும். அப்படி நடந்தால் எந்த நிரலுக்கும் எந்த லைப்ரரியும் கிடைக்காது. அதனால் தனி இடத்தில் பிரித்து, லைப்ரரிக் கோப்பையும் அதற்கான இணைப்பையும் மட்டும் உரிய இடத்துக்கு நகலெடுத்தேன்.

பிறகு டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் கோப்புறைகள் மூன்றையும் இணைத்து, லைவ் யுஎஸ்பியிலிருந்தே பழைய அமைப்புக்குள் ரூட்டாக நுழையவைக்கும் சிரூட் வழியாக உள்ளே போனேன். முதலில் பெர்லின் பதிப்பைக் கேட்டேன். பதில் வந்தது. கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

டிபிகேஜியிடம் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் அமைக்கச் சொல்லி, அப்புறம் ஆப்டை உடைந்ததைச் சரிசெய்யச் சொன்னேன். தேவையான பேக்கேஜ்கள் சனிக்கிழமையே இறங்கிக் கணினியின் தேக்கத்தில் (கேஷில்) இருந்ததால் இணையம்கூட வேண்டியிருக்கவில்லை. லிப்கிரிப்ட்1 முறைப்படி வந்து, நான் கையால் வைத்த கோப்பின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மிச்ச மேம்படுத்தலும் முடிய நாற்பது நிமிடம் ஆனது.

யுஎஸ்பியை எடுத்துவிட்டு மறுதொடக்கம். லாக்-இன் திரையில் பழைய பாஸ்வேர்டு. முதல் தடவையிலேயே திறந்தது. புதிதாக வைக்கும் பாஸ்வேர்டுகளை இப்போது யெஸ்கிரிப்ட் என்ற புதிய முறையில் சேமிக்கிறார்கள், ஆனால் பழைய முறையில் சேமித்தவையும் அப்படியே செல்லும். டிபிகேஜியின் தணிக்கைக் கட்டளையை ஓட்டினேன். எதுவும் சொல்லாமல் திரும்பியது. அரைகுறையாக நிற்பது ஒன்றும் இல்லை. திரைப்பூட்டை மறுபடி போட்டுவிட்டேன்.

அக்காவுக்குச் செய்தி அனுப்பியாயிற்று. இன்னொரு கணினியிலும் டெபியன் 10 இருக்கிறது. சனிக்கிழமை அதை 11-க்குக் கொண்டுபோய், ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம் 12. ரூட் டெர்மினல் இரண்டு திறந்து வைத்துக்கொள்வேன்.